தாமிரபரணியின் ஊர்கள் ஏன் ஆற்றைவிட்டுத் தள்ளி இருக்கின்றன?

கேள்வி மூன்று பகுதியாக வந்திருக்கிறது. சுமார் 125 கி.மீ. நீளமே உள்ள தாமிரபரணியின் கரையில் இத்தனை பழைய ஊர்கள் எப்படி நெருக்கியடித்துக்கொண்டு அமைந்தன? வெயிலுக்குப் பேர்போன திருநெல்வேலிப் பக்கம் இந்த ஆற்றில் மட்டும் எப்படி ஆண்டு முழுக்கத் தண்ணீர்? கொற்கை பாண்டியர் துறைமுகம் என்கிறார்களே, அங்கே ஏன் கடல் இல்லை? மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஊர்களைத் தேடிப் பாருங்கள். திருநெல்வேலி டவுனில் நெல்லையப்பர் கோயில் ஆற்றிலிருந்து ஏறக்குறைய 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. வீரவநல்லூரும் பத்தமடையும் அப்படித்தான், ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் வயல்களைக் கடந்து போக வேண்டும். பேச்சுவழக்கில் எல்லாமே ஆற்றங்கரை ஊர்கள்தான். ஆனால் உண்மையில் இவை உட்கார்ந்திருப்பது கால்வாய்க் கரையில். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். பொதிகை மலையில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையை ஒட்டிய காடுகளில் ஆறு பிறக்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு உரியது என்று பள்ளியில் படித்திருப்போம். அது பொதுவாகச் சரி. ஆனால் இங்கே மலை முகட்டைத் தாண்டி அந்த மழை இந்தப் பக்கமும் கணிசமாக விழுகிறது. அக்டோபருக்கு அப்புறம் வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்து வந்து அதே மலையில் மோதுகிறது. ஆக, ஆண்டுக்கு இரண்டு முறை நனைகிற மலை. மழைக்காலத்தில் செய்தித்தாளில் மழை அளவுப் பட்டியலைப் பார்ப்பவர்களுக்கு நாலுமுக்கு, ஊத்து, காக்காச்சி என்ற பெயர்கள் பழக்கமாகியிருக்கும். மாஞ்சோலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பகுதிகள் அவை. பாளையங்கோட்டையில் வெயில் மண்டையைப் பிளக்கும் நாளிலும் அங்கே மழை கொட்டிக்கொண்டிருக்கும்.

விழுந்த மழை அன்றைக்கே ஓடிவிட்டால் பயனில்லை. சோலைக்காடும் புல்வெளியும் அதை மண்ணுக்குள் இறக்கி, பிறகு ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகின்றன. முண்டந்துறையும் களக்காடும் 1988-இல் ஒன்றாக்கப்பட்டுப் புலிகள் காப்பகமானதில் புலியைவிட அதிகம் லாபம் அடைந்தது ஆறுதான் என்பது என் எண்ணம். அதற்குக் கீழே மனிதன் கட்டிய சேமிப்பு இருக்கிறது. காரையாறு என்று நாம் சொல்கிற 143 அடி பாபநாசம் அணை, அதோடு இணைந்த 156 அடி சேர்வலாறு, துணையாற்றின் குறுக்கே 1958-இல் முடிந்த 118 அடி மணிமுத்தாறு. நெல்லைக்காரர்கள் பாபநாசத்தின் நீர்மட்டத்தைக் கிரிக்கெட் ஸ்கோர் போல விசாரிப்பது இதனால்தான்.

இரண்டு மழை என்பதால் சாகுபடியும் இரண்டு. ஜூனில் தொடங்குவது கார், அக்டோபர் வாக்கில் தொடங்குவது பிசானம். கார் சாகுபடிக்கு ஜூன் 1-இல் அணையைத் திறப்பது வழக்கம். அணையில் தண்ணீர் இல்லாத ஆண்டில் அது தள்ளிப்போகும், கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் சத்தமும் கூடும்.

சரி, அணைக்கட்டுகளுக்கு வருவோம். மலையை விட்டு இறங்கியபின் ஆற்றின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. மேலிருந்து கீழாக: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசி ஒன்றுதான் 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டியது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றிலிருந்து 11 கால்வாய்கள் பிரிந்து ஏறத்தாழ 86,000 ஏக்கருக்குப் பாய்கின்றன.

அணைக்கட்டு என்றதும் மேட்டூர் மாதிரி ஒரு மதிலை நினைத்துவிடக் கூடாது. இவை தாழ்ந்த கற்சுவர்கள். ஆற்றை நேர்க்குறுக்காக மறிக்காமல், சாய்வாகவோ வளைவாகவோ போகும். சாதாரண நாளில் தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி ஓரத்துக் கால்வாய்க்குள் திருப்பிவிடும், வெள்ளம் வந்தால் மேலே வழிந்தோட விட்டுவிடும். ஆற்றோடு சண்டை போடாத கட்டுமானம், அதனால்தான் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கிறது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, ஒரே தண்ணீர் பல தடவை வேலை செய்வது. கால்வாயில் போன தண்ணீர் குளத்தில் நிற்கும். குளத்து மடை வழியாக வயலுக்குப் போகும். வயலில் தேங்கியதில் ஒரு பகுதி கசிந்தும் வடிந்தும் தாழ்வான பக்கமாக, அதாவது ஆற்றுக்கே திரும்பி வரும். கீழே உள்ள அடுத்த அணைக்கட்டு அதைப் பிடித்து மறுபடி திருப்பிவிடும். அம்பாசமுத்திரத்தில் நெல்லுக்குப் பாய்ந்த தண்ணீரில் ஒரு பங்கு ஸ்ரீவைகுண்டத்தில் வாழைக்குப் பாயும். சின்ன ஆறு இத்தனை ஊர்களைத் தாங்குவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

இப்போது ஊர்கள். கால்வாய் ஆற்றைவிடச் சற்று மேட்டில், ஆற்றுக்கு ஏறக்குறைய இணையாக ஓடும். கால்வாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே இருப்பது முழுக்க நஞ்சை. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஏறினால் புஞ்சை, பனை, உடைமரம், கால்நடை மேய்ச்சல். வீடு கட்ட எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பீர்கள்? நெல் விளையும் வயலை வீணாக்க யாருக்கும் மனசு வராது. ஆற்றை ஒட்டிக் கட்டினால் ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் உள்ளே வரும். எனவே ஊர்கள் கால்வாயை ஒட்டி, ஈரமும் வறட்சியும் சந்திக்கிற அந்தக் கோட்டில் வரிசையாக உட்கார்ந்தன. ஒரு பக்கம் நெல், மறுபக்கம் ஆடுமாடும் மானாவாரியும். குளிக்கவும் பாத்திரம் துலக்கவும் வாசலில் கால்வாய் ஓடும், ஆடி அமாவாசைக்கு மட்டும் ஆற்றுக்குப் போனால் போதும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு கன்னடியன் கால்வாய். ஆற்றின் தென்பக்கம் ஓடி 12,500 ஏக்கருக்குப் பாய்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை என்று பெயர் பெற்ற ஊர்கள் அதன் போக்கிலேயே மணி கோத்தாற்போல் வருகின்றன. கன்னட நாட்டிலிருந்து வந்த பிரம்மச்சாரி ஒருவர் தனக்குத் தானமாகக் கிடைத்த பொன்னைக் கொண்டு வெட்டியது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ போகட்டும், வாட்டம் பார்த்து வெட்டியவர் கெட்டிக்காரர். அண்மைக் காலத்தில் வந்த தாமிரபரணி–கருமேனியாறு–நம்பியாறு வெள்ளநீர்க் கால்வாயும் இந்தக் கன்னடியன் பகுதியிலிருந்துதான் புறப்படுகிறது. வெள்ளக் காலத்து உபரியைச் சுமார் 75 கி.மீ. தூரம் சாத்தான்குளம் பக்கத்துச் செம்மணல் தேரிக்காட்டுக்குக் கொண்டுபோகும் திட்டம் அது. 2009-இல் தொடங்கி ரொம்ப காலம் இழுத்தடித்தார்கள்.

பத்தமடைப் பாயைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தைத் தாண்ட முடியாது. ஆற்றோரத்திலும் வாய்க்கால் ஓரத்திலும் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து வெயிலில் காயப் போடுவார்கள். பிறகு கட்டுக் கட்டாக ஓடுகிற தண்ணீரில் ஊறப் போட வேண்டும். தேங்கிய தண்ணீர் சரிப்படாது, கோரை அழுகிவிடும். ஊறி உப்பியதும் எடுத்து நூல்போலக் கீறி, சாயம் ஏற்றி, தறியில் நெய்வார்கள். நுண்ணிய ரகத்தைத் துணி மாதிரி மடித்துப் பெட்டியில் வைத்துவிடலாம். இதை நெய்பவர்கள் பெரும்பாலும் அங்குள்ள இஸ்லாமியக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஓடும் ஆறு பக்கத்தில் இருந்தாலொழிய இந்தத் தொழில் இந்த ஊரில் வந்திருக்காது.

ஆற்றையே நேராக ஒட்டி நிற்பவை பெரும்பாலும் கோயில்களும் படித்துறைகளும். கடனாநதி வந்து சேரும் திருப்புடைமருதூர் அப்படி. நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே மாடி மாடியாக இருக்கும் சுவரோவியங்களைப் பார்க்கவே போகலாம். மருத மரங்களில் நாரையும் கொக்கும் வந்து அடைவதால் ஊரே பறவைகள் பாதுகாப்பு இடமாகிவிட்டது. கீழே தருவை அருகே பச்சையாறும், சீவலப்பேரியில் குற்றாலத்துச் சிற்றாறும் வந்து கலக்கின்றன. இந்த ஆற்றோரத்து ஒன்பது சிவன் கோயில்களான நவகைலாயங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: பாபநாசம், சேரன்மகாதேவி, கோடகநல்லூர், குன்னத்தூர், முறப்பநாடு, ஸ்ரீவைகுண்டம், தென்திருப்பேரை, ராஜபதி, சேர்ந்தபூமங்கலம். மலையடிவாரத்திலிருந்து கடற்கரை வரை ஆற்றின் போக்கு கையில் வந்துவிடும்.

மேல்பகுதியில் ஒரே ஒரு ஊர் இந்தப் பாசனக் கணக்குக்குள் வராது. விக்கிரமசிங்கபுரம். பாபநாசத்தில் ஆறு மலையிலிருந்து விழும் வேகத்தை வைத்து எந்திரம் ஓட்டலாம் என்று 1880-களில் ஹார்வி சகோதரர்கள் நூற்பாலை தொடங்கினார்கள். அதைச் சுற்றி வளர்ந்ததுதான் இன்றைய வி.கே.புரம். அங்கே மில் சங்குக்குக் கிளம்பியவர்களின் பிள்ளைகளும் பேரன்களும்தான் ஊர்.

இனி நெல்லைக்கு வருவோம். ஆற்றின் மேற்கே திருநெல்வேலி, கிழக்கே பாளையங்கோட்டை. இரட்டை நகரம் என்பதை அணைக்கட்டுகளை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாக இருக்கும். டவுன், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயின் பிள்ளை. நயினார்குளத்துக்கு அந்தத் தண்ணீர்தான். பாளையங்கோட்டையும் மேலப்பாளையமும் பழவூரில் பிரியும் பாளையங்கால்வாயின் பிள்ளைகள். இரண்டு நகரும் வெவ்வேறு கால்வாயில் வளர்ந்தன, நடுவில் ஆறு. வெள்ளம் வந்தால் பரிசலும் ஓடாது, போக்குவரத்தே நின்றுவிடும். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்த சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டு, 1843-இல் திறக்கப்பட்ட பாலம் அந்தக் கரையையும் இந்தக் கரையையும் சேர்த்தது. இன்றும் வண்டிகள் அதன் மேல்தான் போகின்றன.

டவுன்காரர்களுக்கு ஆறு என்றால் குறுக்குத்துறை. அங்கே ஆற்றுக்குள்ளேயே பாறைமேல் முருகன் கோயில். வெள்ளம் வரும் திசையில் கட்டுமானம் படகின் முனைபோலக் கூராக இருக்கும், தண்ணீர் அதில் மோதி இரண்டாகப் பிரிந்து போகும். வெள்ளம் ஏறுகிறது என்றதும் உற்சவரையும் சாமான்களையும் கரைமேலுள்ள மண்டபத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் முங்கும், தண்ணீர் வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூசையைத் தொடங்குவார்கள். வெள்ளத்தை வரவிடாமல் தடுக்க யாரும் முயன்றதில்லை. அது வந்து போவதற்குத் தோதாகவே கோயில் கட்டியிருக்கிறார்கள். "குறுக்குத்துறைக் கோயிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டதா?" என்பதுதான் நெல்லையின் வெள்ள அளவுகோல்.

பிற்பாடு வந்தவர்களுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போயிற்று. 2023 டிசம்பர் 17, 18-இல் பெய்த மழையில் அது நன்றாகவே தெரிந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது. வழக்கமாக வெள்ளம் மலையிலிருந்து வரும், அணையில் கொஞ்சம் பிடித்து வைக்கலாம். அன்று சமவெளியிலேயே பெய்தது, அதைப் பிடிக்க எந்த அணையும் இல்லை. குளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உடைந்தன. நெல்லையில் ஜங்ஷன், சிந்துபூந்துறை, கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகம் வரை தண்ணீர். ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. பழைய ஊரின் நடுப்பகுதிகளைவிட, குளத்துக்குள்ளும் வாய்க்கால் ஓரத்திலும் மனை போட்டு விற்ற புதிய நகர்களுக்குத்தான் இனியும் ஆபத்து அதிகம். இங்கே மனை வாங்குகிறவர்கள் பத்திரத்தைப் பார்ப்பதோடு, பக்கத்துக் குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுவிட வேண்டும்.

கீழ்ப்பகுதியில் மருதூரும் ஸ்ரீவைகுண்டமும்தான் ராஜா. மருதூரிலிருந்து மேலக்கால், கீழக்கால். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வடகால், தென்கால். மொத்தப் பாசனத்தில் பாதிக்கு மேல் இந்த இரண்டில்தான். நெல்லோடு வாழை, வெற்றிலைக் கொடிக்கால் எல்லாம் இங்கே சேர்ந்துகொள்ளும். ஆத்தூர் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. நவதிருப்பதிகள் என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களும் இந்தச் சின்ன வட்டத்துக்குள் அடங்கிவிடும். நம்மாழ்வார் பிறந்த குருகூர், அதாவது ஆழ்வார்திருநகரி, இங்கேதான். வளமான வயல் இருந்த இடத்தில்தான் இத்தனை பெரிய கோயில்களுக்குச் சோறு போட முடிந்தது.

இந்தக் கரையில் மனிதர் குடியிருப்பு எவ்வளவு பழையது என்பதற்கு ஆதிச்சநல்லூர் சாட்சி. 1876-இல் ஜெர்மானியர் ஜாகோர் தோண்டினார். அதற்கப்புறம் அலெக்சாண்டர் ரீ 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். முதுமக்கள் தாழிகள், இரும்புக் கருவிகள், வெண்கலப் பொருள்கள், தங்க நெற்றிப்பட்டங்கள். அந்த 114 ஏக்கர் இடுகாட்டைப் போய்ப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். அது சரளைக்கல் மேடு, ஏர் ஓட்டத் தோதில்லாத பரம்பு. செத்தவர்களைக்கூட வயலில் புதைக்கவில்லை. வடகரையில் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என்று 2021-இல் அறிவித்தார்கள். அப்படியானால் வயலை வயலுக்கே விடுவது, வீட்டையும் சுடுகாட்டையும் மேட்டில் வைப்பது என்ற பழக்கம் கால்வாய்கள் வெட்டுவதற்கு வெகு முந்தியே வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இனி கொற்கை. கிரேக்கர்கள் கொல்கோய் என்று எழுதி வைத்த முத்துத் துறைமுகம் இன்று கடலிலிருந்து சுமார் 6 கி.மீ. உள்ளே, வயலுக்கும் வாழைக்கும் நடுவே கிடக்கிறது. கடல் தானாகப் பின்வாங்கிவிடவில்லை. ஆறுதான் தள்ளியது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கொண்டுவந்த வண்டலை முகத்துவாரத்தில் கொட்டிக் கொட்டி நிலத்தை வளர்த்தது. கப்பல் வர ஆழம் போதாமல் போனதும் வியாபாரம் கடலோரமாக நகர்ந்தது. அடுத்த துறைமுகம் காயல், இன்றைய பழையகாயல். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ குதிரைக் கப்பல்களைப் பற்றி எழுதியது அந்த ஊரைத்தான். அதுவும் தூர்ந்தது. அப்புறம் புன்னைக்காயல். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் தங்கிய இடம், ஆறு இன்று கடலில் கலக்கும் இடமும் அதுதான். மூன்று ஊர்களும் சில கி.மீ. இடைவெளிக்குள். 1870-களில் கால்டுவெல் கொற்கையிலும் காயலிலும் தோண்டிப் பார்த்து இந்த நகர்வைப் பற்றி அப்போதே எழுதிவிட்டார்.

நான்காவது துறைமுகம் ஆற்றை விட்டே விலகிப் போய்விட்டது. தூத்துக்குடி. முகத்துவாரத்துக்கு வடக்கே, தீவுகளின் மறைவில் இருக்கிறது. வண்டல் தொல்லை இல்லாத இடம் என்பது பெரிய வசதி, ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. அதனால் தாமிரபரணியைக் குழாயில் கொண்டுபோகிறார்கள். ஊர்க் குடிநீருக்கு மட்டும் என்றால் யாரும் பேசமாட்டார்கள். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து தொழிற்சாலைகளுக்கும் எடுக்கத் தொடங்கிய பிறகு கீழ்ப்பகுதி விவசாயிகளுக்கும் ஆலைக்காரர்களுக்கும் தகராறு ஓய்ந்தபாடில்லை. அணைக்கட்டு தூர்ந்து கிடப்பது இன்னொரு வழக்கு.

"வற்றாத ஜீவநதி" என்ற பட்டத்துக்கும் இங்கே ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். பாபநாசத்திலிருந்து நெல்லை வரை அது பெரும்பாலும் உண்மை. நகரத்துச் சாக்கடை கலக்கிறது என்பது வேறு விஷயம். ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையில் போய்ப் பார்த்தால் கடைசி அணைக்கட்டும் எடுத்துக்கொண்டது போக மணல்தான் மிச்சம். ஆற்றில் நல்ல தண்ணீர் வராத மாதங்களில் கடல் நீர் முகத்துவாரம் வழியாக மேலேறும். ஆத்தூர், முக்காணிப் பக்கம் கிணறுகள் உவராவது அதனால்தான். அங்கே ஆற்றின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டியதும் அந்த உப்பை நிறுத்தத்தான்.